ஏரிக்கரையில் குழுவாக ஒரு வார இறுதி: மூன்று வகை மெத்தட் ஃபீடரில் எது தேறும்?

இங்கிலாந்தின் கட்டண ஏரி ஒன்றுக்கு ஏழெட்டுப் பேர் சேர்ந்து சனி, ஞாயிறு இரண்டு நாளும் கெண்டையும் ப்ரீமும் டென்ச்சும் பிடிக்கக் கிளம்பினால், அதில் பாதிப் பேருக்கு ராடு வீசிப் பழக்கம் இருக்காது. அப்படிப்பட்ட கலவையான குழுவுக்கு மிதவைத் தூண்டிலைவிட, இரையைச் சுற்றி ஒட்டி ஏரித் தரைக்கு இறக்கும் எடையான மெத்தட் ஃபீடர்தான் கைகொடுக்கும். ஆழம் பார்த்து மிதவை கட்டத் தேவையில்லை. கொத்து வந்ததைக் கண்ணால் கண்டுபிடித்துச் சுண்டவும் தேவையில்லை. ஆனால் கடையில் தொங்கும் ஃபீடர்கள் எல்லாம் ஒன்றல்ல. தட்டை வகை, பக்கச் சுவர் வைத்த ஹைப்ரிட் வகை, நடுக்குழாயில் இலாஸ்டிக் ஓடும் வகை என்ற மூன்றில், புதியவர்கள் நிறைந்த குழுவுக்கு ஹைப்ரிட், பழகியவர்களுக்கும் ஆழம் குறைந்த ஏரிக்கும் தட்டை என்பது எங்கள் முடிவு. இலாஸ்டிக் வகையைக் குழுவுக்கு வாங்கவே வேண்டாம். காரணங்கள் கீழே.

முதலில் இந்தப் பொருள் வேலை செய்யும் விதம் தெரிந்தால்தான் மற்றவை புரியும். அடியில் எடை பதித்த ஒரு தட்டு, அதன் மேல் சில விலா எலும்புகள் போன்ற கம்பிகள். அந்தக் கம்பிகளைச் சுற்றி ஊறவைத்த இரையை அச்சில் வைத்து அழுத்தி ஒட்டுகிறோம். கொக்கி நரம்பு வெறும் 7.5 முதல் 10 செ.மீ. நீளம்தான். ஃபீடர் தரையில் உட்கார்ந்ததும் இரை உதிர்ந்து சிறு குவியலாகிறது, கொக்கி இரை அந்தக் குவியலிலேயே கிடக்கிறது. குவியலை உறிஞ்சும் கெண்டை கொக்கியையும் சேர்த்து வாயில் எடுத்துத் திரும்பும்போது, குட்டை நரம்பு சட்டென்று இறுகி, ஃபீடரின் எடையே கொக்கியை உதட்டில் ஏற்றிவிடுகிறது. ‘கொக்கி நரம்பு நீளமாக இருந்தால் மீன் பயப்படாது’ என்று யாராவது 30 செ.மீ. கட்டிக் கொடுத்தால் இந்த இறுக்கம் கிடைக்காது. மீன் இரையைத் துப்பிவிட்டுப் போகும், கரையில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது.

தட்டை வகையில் இரை நாலாபுறமும் திறந்தே இருக்கிறது. தண்ணீர் பட்டவுடன் உதிரத் தொடங்கும், மீன் சீக்கிரம் வரும். ஒன்றரை மீட்டருக்குள் ஆழம் உள்ள ஏரியில், வெயில் காலத்தில், இதற்கு நிகர் வேறில்லை. குறை என்னவென்றால், வீசும் வேகத்திலும் தண்ணீரில் அறையும் அதிர்ச்சியிலும் சரியாக அழுத்தாத இரை பாதி வழியிலேயே கொட்டிவிடும். வெறும் ஃபீடர் தரையில் கிடக்க, வீசியவர் அரை மணி நேரம் நம்பிக்கையோடு உட்கார்ந்திருப்பார். ஆழமான இடத்தில் நடுத்தண்ணீரில் திரியும் சின்ன ரோச் மீன்களும் இறங்கும் வழியிலேயே கொத்தி உதிர்த்துவிடும்.

குரு நிறுவனம் விற்கும் ஹைப்ரிட் போன்றவற்றில் விளிம்பைச் சுற்றி ஒரு தடுப்புச் சுவர் எழும்பியிருக்கும். இரை அந்தக் குழிக்குள் உட்காருவதால், அச்சே இல்லாமல் கட்டைவிரலால் அழுத்தினாலும் நிற்கும். இரண்டு, மூன்று மீட்டர் ஆழத்தில்கூட முழுசாகத் தரைக்குப் போய்ச் சேரும். இரையின் ஈரம் கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் மன்னிக்கும். புதியவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். விலையாகக் கொடுப்பது வேகம். இரை மெதுவாகத்தான் வெளியே வரும், குவியலும் சிறியது. மீன்கள் மும்முரமாக மேயும் வேளையில் பக்கத்து பெக்கில் (மீன்பிடிக்க ஒதுக்கிய இடத்தில்) தட்டை ஃபீடர் போடுபவர் முந்திவிடுவார்.

இலாஸ்டிக் வகையின் நோக்கம் நல்லதுதான். கரைக்கு அருகே மீன் தலையை உதறும்போது அந்த அதிர்ச்சியை இலாஸ்டிக் வாங்கிக்கொள்வதால் கொக்கி பிய்த்துக்கொண்டு வராது. ஆனால் பிரதான நரம்பு இலாஸ்டிக்கின் ஒரு முனையிலும் கொக்கி நரம்பு மறு முனையிலும் கட்டப்படுகிறது. நரம்பு மேலே எங்காவது அறுந்தால் ஃபீடர் கழன்று விழ வழியில்லை. 30 கிராம் எடையை இழுத்துக்கொண்டு திரியும் மீன், நாணலிலோ மூழ்கிய கிளையிலோ மாட்டிச் சாகும். பல ஏரிகளின் விதிப் பலகையில் ‘நழுவி ஓடும் ஃபீடர் மட்டுமே’, அதாவது நரம்பில் கட்டாமல் அதன் மேல் தடையின்றி ஓடும் ஃபீடர் மட்டுமே, என்று எழுதியிருப்பது இதனால்தான். முடிச்சு சரியாகப் போடத் தெரியாதவர்கள் இருக்கும் குழுவில் நரம்பு அறுவது நிச்சயம் நடக்கும். ஆகவே இது வேண்டாம்.

நழுவி ஓடும் வகையை வாங்கினாலும் அதைக் கெடுக்கும் வழிகள் உண்டு. கட்டி முடித்ததும் ஒவ்வொருவருடைய ராடிலும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள்: ஒரு கையில் ஃபீடரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கொக்கி நரம்பை மெதுவாக இழுத்தால் இரண்டு நரம்புகளும் சேரும் இடத்தில் உள்ள சிறு உருண்டை மணியோ சுழலியோ ஃபீடரின் குழாயிலிருந்து எளிதாகக் கழன்று வர வேண்டும். பெரிய சுழலியைக் குழாய்க்குள் திணித்திருந்தால் வராது. பிறகு ஃபீடரை நரம்பில் மேல்நோக்கித் தள்ளினால் தடையில்லாமல் ஓட வேண்டும். ஃபீடருக்கு மேலே யாராவது அழகுக்கு ஒரு மணியையோ முடிச்சையோ விட்டிருந்தால், நழுவி ஓடும் ஃபீடரும் இலாஸ்டிக் வகையைப் போலவே மீனுக்கு எமனாகிவிடும். கொக்கி நரம்பு எப்போதும் பிரதான நரம்பைவிட வலு குறைந்ததாக இருக்கட்டும். அறுந்தால் அது அந்த இடத்தில்தான் அறுபட வேண்டும். 6 முதல் 8 பவுண்டு வலுவுள்ள பிரதான நரம்புக்கு 0.17 முதல் 0.20 மி.மீ. கொக்கி நரம்பு பெரும்பாலான ஏரிகளுக்குப் போதும்.

எடை விஷயத்தில் கடைக்காரர்களே சொல்லத் தவறுவது ஒன்று. ஃபீடரின் மேல் 24 அல்லது 30 கிராம் என்று அச்சிட்டிருப்பது வெறும் ஃபீடரின் எடை. ஈர இரையை அழுத்தியதும் இன்னொரு 25 கிராம் போலக் கூடும். ‘40 கிராம் வரை’ என்று எழுதிய மெல்லிய ராடில் 30 கிராம் ஃபீடரைக் கட்டி முழு வேகத்தில் வீசினால், ஒன்று நரம்பு அறுந்து ஃபீடர் பறக்கும், இல்லையென்றால் ராடின் நுனி போகும். 10 அல்லது 11 அடி ராடு, சிறிய அளவு 24 கிராம் ஃபீடர் என்று தொடங்குங்கள். 30 மீட்டர் தூரம் வரை இது சுகமாகப் போகும். காற்று எதிர்த்து அடித்தால் மட்டும் 30 அல்லது 36 கிராம்.

இனி இரை. இந்த முறையில் வெற்றி தோல்வியை நிர்ணயிப்பது ஃபீடரைவிட இதுதான். 2 மி.மீ. மீன்தூள் பெல்லட்டை ஒரு டப்பாவில் போட்டு, மேலே இரண்டு விரற்கடை நிற்கும் அளவுக்கு ஏரித் தண்ணீர் ஊற்றி, ஒன்றரை முதல் இரண்டு நிமிடத்தில் வடித்துவிடுங்கள். அதன் பிறகு அரை மணி நேரம் மூடி வைத்தால் ஈரம் உள்ளே போய் ஒரே சீராகப் பஞ்சு போலாகும். கையில் பிடித்தால் ஒட்ட வேண்டும், விரலால் நிமிண்டினால் மணி மணியாகப் பிரிய வேண்டும். அதிக நேரம் ஊறினால் கூழாகி, தரையில் கட்டியாகவே கிடக்கும். குறைவாக ஊறினால் ஒட்டாது. தயாரிப்புக்குத் தயாரிப்பு ஊறும் நேரம் மாறுவதால் முதலில் ஒரு கைப்பிடியில் சோதியுங்கள். நிரப்பிய ஃபீடரைக் கால் அருகே ஆழமற்ற தண்ணீரில் இறக்கிப் பார்ப்பதுதான் சரியான தேர்வு: ஓரிரு நிமிடத்தில் ஓரங்கள் உதிரத் தொடங்க வேண்டும். வெயிலில் டப்பா திறந்தே கிடந்தால் மேல் அடுக்கு காய்ந்துவிடும். ஈரத் துணி போட்டு மூடி, அவ்வப்போது தண்ணீர் தெளியுங்கள்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு உலர் எடையில் ஒரு கிலோ போதும். பத்து நிமிடத்துக்கு ஒரு வீச்சு என்று எட்டு மணி நேரம் போட்டாலும் அதற்குள் அடங்கும். ஆனால் வாங்குவதற்கு முன் ஏரிக்காரரிடம் கேளுங்கள். தங்களிடம் வாங்கிய பெல்லட்டை மட்டுமே அனுமதிக்கும் ஏரிகள் நிறைய. அங்கே எட்டுப் பேருக்கும் வெளியில் வாங்கிய பதினாறு கிலோவோடு போய் இறங்கினால் அத்தனையும் வண்டியிலேயே இருக்க வேண்டியதுதான்.

அச்சைப் பற்றி ஒரு வார்த்தை. அடியில் ரப்பர் பொத்தான் வைத்து அழுத்தினால் கழன்று வரும் அச்சு, கெட்டியான பிளாஸ்டிக் அச்சைவிட எவ்வளவோ மேல். கெட்டி அச்சில் இரை ஒட்டிக்கொண்டால் புதியவர்கள் தட்டித் தட்டி உடைத்துவிடுவார்கள். கொக்கி இரையை அச்சின் அடியில் முதலில் வைத்து, மேலே இரை போட்டு, ஃபீடரைக் கவிழ்த்து அழுத்துங்கள். அப்போது ஏரித் தரையில் கொக்கி இரை குவியலின் உச்சியில் இருக்கும். சின்ன மீன் தொல்லை இருந்தால் பாதி இரைக்குப் பிறகு வைத்து நடுவில் புதையுங்கள். பிரெஸ்டன், டிரென்னன், குரு என ஒவ்வொரு நிறுவனத்தின் அச்சும் அதனதன் ஃபீடருக்கே அளவெடுத்தது. ஆகவே குழு முழுவதும் ஒரே நிறுவனம், ஒரே அளவு என்று வாங்கிவிட்டால், ஒருவர் அச்சை ஏரியில் தவறவிட்டாலும் பக்கத்தில் இருப்பவருடையது உதவும்.

கொக்கியில் எதிர்முள் இருக்கக் கூடாது என்பது கட்டண ஏரிகளில் அநேகமாக எங்கும் உள்ள விதி. 6 மி.மீ. பெல்லட்டுக்கு 14 அல்லது 16, 8 மி.மீ. இரைக்கு 12 அல்லது 10 எண் கொக்கி. இரையைக் கொக்கியில் குத்தாமல், பின்னால் தொங்கும் ரப்பர் வளையத்தில் மாட்டுங்கள். கொக்கியின் வளைவுக்கும் இரைக்கும் இடையே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். கட்டியே விற்கும் 4 அங்குலக் கொக்கி நரம்புகள் நன்றாகவே இருக்கின்றன. கரையில் உட்கார்ந்து எட்டுப் பேருக்கும் கட்டிக் கொடுப்பது வீண் வேலை.

வீசுவதில் ஒரே இடத்தில் விழுவதுதான் முக்கியம். தரையில் பன்னிரண்டு அடி இடைவெளியில் இரண்டு குச்சிகளை நட்டு, நரம்பை அவற்றைச் சுற்றி எட்டுக் கட்டு, ஒன்பது கட்டு என்று அளந்து ரீல் கிளிப்பில் மாட்டிவிட்டால், வீச்சு ஒவ்வொரு முறையும் அதே தூரத்தில் நிற்கும். நரம்பு கிளிப்பை எட்டும் நொடியில் ராடை நிமிர்த்தி அந்த உதறலை வாங்கிக்கொள்ள வேண்டும். அப்போது ஃபீடர் மெத்தென்று விழும், இரையும் கொட்டாது. இதில் ஆபத்து என்னவென்றால், பெரிய கெண்டை ஒன்று மாட்டி வெளியே ஓடினால் கிளிப் நரம்பை விடாது. தீவை ஒட்டி வீசியிருந்தால் மீன் ஓட இடமில்லை, பாதகமில்லை. திறந்த தண்ணீரில் வீசும் புதியவர்களுக்குக் கிளிப்பை நீக்கிவிட்டு நரம்பில் வெள்ளை மார்க்கர் அடையாளம் போட்டுக் கொடுங்கள். தொடக்கத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வீசி ஐந்தாறு குவியல் சேர்ந்த பிறகு பத்து, பதினைந்து நிமிடம் விடலாம். குளிர் மாதங்களில் நேர்மாறு: சிறிய ஃபீடர், கொஞ்சம் இரை, ஈப்புழு இரண்டு, நீண்ட காத்திருப்பு.

நுனி லேசாகத் தட்டுவதெல்லாம் மீன் நரம்பில் உரசுவது. அதற்குச் சுண்டினால் குவியலிலிருந்து ஃபீடரைப் பிடுங்கி எறிவதுதான் மிச்சம். உண்மையான கொத்து ராடையே தாங்கியிலிருந்து இழுக்கும். அதனால் ரீலின் டிராக்கை (நரம்பு இழுபடும்போது தடுக்கும் இறுக்கத்தை) தளர்த்தி வையுங்கள், ராடைவிட்டு நகராதீர்கள். நகர்ந்தால் ராடு போவது ஒருபுறம், கவனிப்பாரின்றித் தூண்டிலைத் தண்ணீரில் விடுவது இங்கிலாந்தில் சட்டப்படி குற்றம். தேநீருக்கு எல்லோரும் ஒரே மேடையில் கூடும் குழுப் பயணத்தில் நடக்கும் தவறு இதுதான். எழும்போது நரம்பைச் சுருட்டிவிட்டு எழுந்தால் தீர்ந்தது.

13 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவரும் சுற்றுச்சூழல் முகமையின் ராடு உரிமம் வைத்திருக்க வேண்டும். 13 முதல் 16 வயது வரை கட்டணமில்லை, ஆனாலும் உரிமம் எடுத்தே ஆக வேண்டும். இது ஏரியின் கட்டணத்தில் சேராது. ஆறுகளுக்கு மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை உள்ள தடைக்காலம் பெரும்பாலான தனியார் ஏரிகளுக்கு இல்லை. பழைய பெட்டியில் கிடக்கும் ஈயக் குண்டுகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையிலான ஈய எடைகளுக்கு 1987 முதல் தடை இருக்கிறது. ஈயத்தை விழுங்கி அன்னங்கள் செத்ததே இதற்குக் காரணம்.

கைவலையும் மீனைக் கிடத்தும் மெத்தையும் ஏரிக்குப் போகும்போது முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர வலை கோய் ஹெர்பஸ் நோயை ஏரிக்கு ஏரி சுமந்து செல்லும், கெண்டைக் கூட்டத்தையே அது வாரிக்கொண்டு போய்விடும். வாசலில் கிருமிநாசினித் தொட்டி வைத்திருந்தால் எட்டுப் பேரின் வலையும் அதில் முங்கி எழட்டும். சில ஏரிகள் சொந்த வலையே கொடுக்கின்றன, அப்படியானால் வலைச் செலவு மிச்சம்.

வாங்க வேண்டியது, எட்டுப் பேர் குழுவுக்கு: புதியவர் ஒவ்வொருவருக்கும் 24 கிராம் ஹைப்ரிட் மூன்று, பழகியவருக்குத் தட்டை இரண்டும் ஹைப்ரிட் ஒன்றும், நால்வருக்கு ஓர் அச்சு உபரி, ஆளுக்கு இரண்டு பாக்கெட் கட்டிய கொக்கி நரம்பு. மரக்கிளை தாழ்ந்த தீவு உள்ள ஏரியென்றால் ஃபீடரை ஆளுக்கு இன்னும் இரண்டு கூட்டிக்கொள்ளுங்கள்.