கறி மெஸ்ஸில் ஒற்றை இலை

கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒரு கறி மெஸ்ஸில் சில ஆண்டுகளாகச் சாப்பிட்டு வருகிறேன். பெரும்பாலும் தனியாகத்தான். நான் தங்கியிருக்கும் விடுதியில் சைவம் மட்டுமே. அலுவலகத் தோழிகள் வீட்டுச் சாப்பாட்டுக்காரர்கள். தனியாகப் போக ஆசையிருந்தும் தயங்கி நிற்கும் பெண்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஒற்றை ஆளுக்கு இவ்வளவு தோதான சாப்பாடு வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

காரணம் குழம்புதான். சாப்பாடு என்று சொன்னால் இலை போட்டுச் சோறும் பொரியலும் அப்பளமும் வைப்பார்கள். பிறகு ஆட்டுக்கறிக் குழம்பு, கோழிக் குழம்பு, மீன் குழம்பு என வாளிகள் வரிசையாக வரும். குழம்புக்குத் தனிக் காசு இல்லை, கறிக்கு மட்டும்தான். நான் ரொட்டியும் கிரேவியும் விற்கிற கடைக்குத் தனியாகப் போனால் ஒரு கிண்ணத்தை வாங்கி அதையே போராடி முடிக்க வேண்டும். இங்கே ஒரே இலையில் மூன்று குழம்பையும் ருசி பார்க்கலாம், பிடித்ததை மறுபடியும் கேட்கலாம். ஆட்டுக்கறிக் குழம்பில் மிளகு தூக்கலாக இருக்கும். என் ஓட்டு எப்போதும் அதற்குத்தான்.

ஆனால் அந்த வாளி என் இலைக்கு வந்து சேரச் சிறிது காலம் ஆனது. ஆரம்பத்தில் வாசலில் என்னைப் பார்த்தாலே, "மாடியில் ஏசி ரூம் இருக்கிறதம்மா, ஃபேமிலி எல்லாம் அங்கேதான்" என்று அனுப்பிவிடுவார்கள். நல்லெண்ணத்தில் சொன்னதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மாடிக்குக் குழம்பு சின்னக் கிண்ணங்களில் ஆறிப்போய் வரும். மறுபடி வேண்டுமென்றால் பரிமாறுகிறவரைத் தேட வேண்டும். விலையும் கூடுதல். கீழே அடுப்பிலிருந்து நேராக நிரம்பி வருகிற வாளி ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். "அண்ணா, எனக்குக் குழம்பு சூடாக வேண்டும், கீழேயே உட்கார்ந்துகொள்கிறேன்" என்று ஒருநாள் சொன்னேன். அதற்குப் பிறகு யாரும் மாடியைக் காட்டவில்லை. தனியாக வருகிற பெண்ணிடம் எங்கே உட்காருகிறீர்கள் என்று கேட்பதுதான் மரியாதை. அவளுக்காக முடிவு செய்து படியேற்றி விடக் கூடாது. இப்போது சுவரோர மேசைகளில் தனியாகச் சாப்பிடும் பெண்களை அடிக்கடி பார்க்கிறேன். எதிர் நாற்காலியில் முன்பின் தெரியாதவர் வந்து உட்காருவார். தண்ணீர்ச் சொம்பை நம் பக்கம் நகர்த்தி வைப்பார், அவ்வளவுதான். பேச்சுக் கொடுத்துத் தொல்லை செய்தவர்கள் யாருமில்லை.

களியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. களியில் மட்டும் இரண்டும் இன்னும் ஒரே ஊர்தான். மானாவாரியில் கேழ்வரகு விளையும் மண் இது. நொய்யரிசி வெந்து கொதிக்கும்போது கேழ்வரகு மாவைக் கொட்டி, துடுப்பால் கட்டி தட்டாமல் கிண்டி, ஈரக் கையால் உருண்டை பிடிக்கிறார்கள். இலையில் வைத்ததும் மேல்தோல் பளபளவென்று இருக்கும், விரல் வைத்தால் சுடும். நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி, சோறு தின்று வளர்ந்தவள். களியை மெல்லத் தொடங்கியதைப் பார்த்துவிட்டு, பரிமாறுகிற பெரியம்மா பக்கத்தில் வந்து நின்றார். "மெல்லாதே கண்ணு, பல்லில் ஒட்டும். பிட்டு, குழியாக்கி, குழம்பை அள்ளி அப்படியே விழுங்கு" என்றார். நாட்டுக்கோழிக் குழம்போடு அப்படி விழுங்கினால் காரம் தொண்டையில்தான் தெரிகிறது. ஒரு மணிக்குள் போனால்தான் களி கிடைக்கும்.

மீன் துண்டுக் கணக்கில் கிடைப்பது தனி ஆளுக்கு இன்னொரு வசதி. தென்பெண்ணையின் குறுக்கே உள்ள கே.ஆர்.பி. அணை பக்கத்தில் இருப்பதால் ஜிலேபிக் கெண்டைக்குப் பஞ்சமில்லை. முள் அதிகம், கவனமாகப் பிரித்துத்தான் சாப்பிட வேண்டும். அதற்குப் பேச்சுத் துணை இல்லாமல் இருப்பதே நல்லது.

சங்கடங்களும் உண்டு. கை கழுவப் போனால் பையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. நான் குறுக்கே மாட்டும் சின்னப் பையோடு மட்டும் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை போகவே வேண்டாம். குடும்பம் குடும்பமாகக் காத்து நிற்பார்கள், மோர் ஊற்றும் முன்பே நம் நாற்காலியின் பின்னால் ஆள் நிற்கும். புரட்டாசியில் இதற்கு நேர்மாறு. பெருமாளுக்கு விரதம் இருப்பவர்கள் இந்தப் பக்கம் நிறைய என்பதால் பாதி மேசைகள் காலியாகவே கிடக்கும். முதல்முறை தனியாகப் போக விரும்புகிறவர்களுக்கு அந்த மாதத்தைத்தான் சொல்வேன்.

எனக்கு உள்ள ஒரே மனக்குறை விலைப்பலகை. நாட்டுக்கோழி வறுவல் முழுப் பிளேட் இரண்டு பேருக்கானது. கேட்டால் அரைப் பிளேட் தருகிறார்கள், ஆனால் பலகையில் அது இல்லை. புதிதாக, கூச்சத்தோடு வருகிறவர் கேட்கமாட்டார், வெறும் குழம்போடு எழுந்து போய்விடுவார். கல்லாவில் இதைச் சொல்லியிருக்கிறேன். அடுத்து பலகை எழுதும்போது சேர்ப்பதாகச் சொன்னார்கள்.