பழைய டெஸ்க்டாப்பா, புது லேப்டாப்பா, ரீஃபர்பிஷ்ட் மினியா: எதில் கரண்ட் மிச்சம்?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசஸர் உள்ள கணினிகள் பெரும்பாலும் விண்டோஸ் 11-க்கான தகுதிப் பட்டியலில் இல்லை. அதனால் நன்றாக ஓடும் டெஸ்க்டாப்புகளும் காயலான் கடைக்குப் போகின்றன. அவசரம் வேண்டாம். இருப்பதைச் சரிசெய்வதா, புது லேப்டாப்பா, ரீஃபர்பிஷ்ட் மினியா (பழுதுபார்த்து மறுவிற்பனைக்கு வரும் சிறு டெஸ்க்டாப்) என்பதில் எது சிக்கனம் என்பது, கணினி தினமும் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது.

இருப்பதையே சரிசெய்தால்

நான்காம் தலைமுறை ஐ5 டெஸ்க்டாப் பிரவுசர், பில்லிங் போன்ற வேலைக்குச் சுமார் 50 வாட் இழுக்கும். எல்இடி மானிட்டருக்கு 18 வாட் தனி. இதில் குறைக்க இடம் நிறைய உண்டு.

முதலில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத சேமிப்பகம்) மாட்டுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கை இரண்டாவது டிஸ்க்காக உள்ளேயே விட்டால் சுற்றும்போதெல்லாம் 5 முதல் 8 வாட் தின்னும். கழற்றி, யூஎஸ்பியில் இணைக்கும் உறையில் போட்டு பேக்கப்புக்கு வையுங்கள். விளையாடுவதில்லை என்றால் கிராபிக்ஸ் கார்டையும் எடுத்துவிடலாம், சும்மா இருக்கும்போதே பழைய கார்டுகள் 10 வாட்டுக்கு மேல் இழுக்கும். எடுக்கும் முன், மதர்போர்டில் மானிட்டரை இணைக்கும் போர்ட் இருக்கிறதா, பிராசஸரில் உள்ளமை கிராபிக்ஸ் உண்டா என்று பாருங்கள். இல்லாவிட்டால் திரை கறுப்பாகவே நிற்கும். பழைய டிஸ்க்கை எஸ்எஸ்டிக்கு அப்படியே நகலெடுத்த (குளோன்) பின் பிழை காட்டும் நீலத்திரை வந்தால், கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் சாட்டா மோடை (டிஸ்க் இணைப்பு முறை) பாருங்கள். ஐடிஇ என்ற பழைய முறையில் நிறுவிய விண்டோஸ், ஏஹெச்சிஐ என்ற புதிய முறைக்கு மாற்றியதும் பெரும்பாலும் எழாது.

இத்தனையும் செய்தால் 35 வாட் அளவுக்கு இறங்கும். ஸ்கிரீன்சேவரால் ஒரு பயனும் இல்லை. 10 நிமிடத்தில் திரை அணையவும், 20 நிமிடத்தில் கணினி ஸ்லீப்புக்குப் போகவும் வையுங்கள். ஸ்லீப்பில் இருக்கும்போது கரண்ட் போனால் சேமிக்காத வேலை போய்விடும், ஆகவே வேலையை டிஸ்க்கிலும் சேமித்துவைக்கும் ஹைப்ரிட் ஸ்லீப்பை இயக்குங்கள். ஆதரவு முடிந்த விண்டோஸ் 10-க்குப் பதில், பாதுகாப்புக்கு லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலவச இயங்குதளம் போதும். டேலி என்ற கணக்கு மென்பொருள் ஓட்டும் கடைக்கு மட்டும் இது ஒத்துவராது, டேலிக்கு விண்டோஸ் வேண்டும்.

புது லேப்டாப்

திரையோடு சேர்த்தே 15 வாட். ஆனால் அது கைக்கு வரும் முன்பே அதனால் வரும் கரியமில வாயுவின் பெரும்பங்கு வெளியாகிவிட்டது. தயாரிப்பாளர்களின் கார்பன் அறிக்கைகளில் பல மாடல்களுக்கு ஆயுள் முழுவதுக்கும் 200 முதல் 300 கிலோ என்றிருக்கும். அதில் பெரும்பகுதி உற்பத்தியில்தான்.

உற்பத்திக்கு 200 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. தினம் 8 மணி நேரம், வருடம் 300 நாள் ஓடும் இடத்தில், சரிசெய்த டெஸ்க்டாப்பும் மானிட்டரும் சேர்ந்து 127 யூனிட், லேப்டாப் 36. மிச்சம் 91 யூனிட், அதாவது 64 கிலோ. உற்பத்தியில் வெளியான கரியமில வாயு மூன்று வருடத்தில் ஈடாகும். தினம் 2 மணி நேரமே ஓடும் வீட்டில் மிச்சம் வருடத்துக்கு 16 கிலோதான். ஈடாகப் பன்னிரண்டு வருடம் வேண்டும். அதற்குள் லேப்டாப்பே போய்விடும்.

எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் லேப்டாப்பில் சார்ஜ் வரம்பை 80 சதவீதத்தில் நிறுத்துங்கள். இல்லையேல் பேட்டரி சீக்கிரம் தேயும், சில சமயம் உப்பி டச்பேடைத் தூக்கும்.

ரீஃபர்பிஷ்ட் மினி

நாள் முழுக்க ஓடும் கடைக்கும் அலுவலகத்துக்கும் என் தேர்வு இதுதான். திங்க்சென்டர் டைனி, ஆப்டிப்ளெக்ஸ் மைக்ரோ, எலைட்டெஸ்க் மினி போன்ற சிறு டெஸ்க்டாப்புகள் அலுவலகங்களில் குத்தகை முடிந்து சந்தைக்கு வருகின்றன, சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். எட்டாம் தலைமுறை ஐ5-இல், குறைந்த மின்சாரம் இழுக்கும் 'டி' வகை பிராசஸர் கேளுங்கள். லேசான வேலைக்கு 12 வாட்தான். விண்டோஸ் 11 முறைப்படி ஏறும், டேலியும் ஓடும். மானிட்டரோடு 30 வாட் என்றால், சரிசெய்த டெஸ்க்டாப்பைவிட வருடம் 55 யூனிட் குறைவு. புதிதாக எதையும் தயாரிக்கவும் வேண்டியதில்லை.

வாங்கும்போது பயாஸ் பாஸ்வேர்டு நீக்கப்பட்டிருக்கிறதா, விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் இயங்குகிறதா, எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். அடாப்டர் ஒரிஜினலாக இருக்கட்டும். போலி அடாப்டரை ஏற்காமல் பிராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் மாடல்கள் உண்டு. மெஷினே மந்தம் என்று தவறாக நினைப்பீர்கள்.

பழையதைக் கழிப்பதானால் ஹார்ட் டிஸ்க்கை முழுவதும் அழித்துவிட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். காயலான் கடைக்குப் போனால் செம்புக்காக வயர்களை எரிப்பார்கள்.