ஹுவா ஹின்னில் ‘சுத்தமான காற்றுள்ள வீடு’ தேடுபவர்கள் கவனத்துக்கு

தாய்லாந்தின் கடலோர ஊரான ஹுவா ஹின்னில் காற்று மோசம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. வருடம் முழுவதையும் கணக்கில் எடுத்தால் பாங்காக்கைவிட அங்கே நல்ல காற்றுதான். அந்த உண்மையைக் காட்டியே ஓர் ஏஜென்ட் எங்கள் தலையில் என்னவெல்லாம் கட்டினார் என்பதைத்தான் எழுதுகிறேன். பாங்காக் சீலோம் மாரியம்மன் கோயிலில் பார்க்கிற நம் ஆட்களில் சின்னக் குழந்தை இருப்பவர்கள் பலரும் “கடலோரமாக எங்காவது போய்விடலாமா” என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதே ஏஜென்ட் அவர்களில் சிலரிடமும் பேசியிருக்கிறார் என்று தெரிந்த பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை.

2025 ஜனவரியில் புகைமூட்டம் தாங்காமல் பாங்காக்கில் 300-க்கும் மேற்பட்ட பள்ளிகளை மூடினார்களே, அப்போது எடுத்த முடிவு எங்களுடையது. மகளுக்கு மூச்சு இழுப்பு உண்டு. அந்த மாதம் நெபுலைசர் வைக்காமல் அவள் தூங்கிய ராத்திரி அபூர்வம். சியாங் மாய் பக்கம் போகிற பேச்சுக்கே இடமில்லை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அங்கே காட்டுத் தீ, மக்காச்சோளக் காடுகளை எரிக்கும் புகை, போதாததற்கு மியான்மர், லாவோஸ் பக்கமிருந்து வருவது வேறு. மிச்சம் இருப்பது கடல்தான். ஹுவா ஹின் பாங்காக்கிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். ரயில் உண்டு, மருத்துவமனை உண்டு, ஆங்கில வழிப் பள்ளி உண்டு. எனக்கு வீட்டிலிருந்தே வேலை. சரி என்று இறங்கினோம்.

ஏஜென்ட் முதலில் வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினார். இடது பக்கம் சிவப்பில் ‘பாங்காக் 110’. வலது பக்கம் பச்சையில் ‘ஹுவா ஹின் 38’. மேலே பிஎம் 2.5, அதாவது கண்ணுக்குத் தெரியாத நுண்தூசு, என்று ஒரே தலைப்பு, ஜனவரி மாதத்து ஒரே தேதி. மூன்றில் ஒரு பங்கு தூசு என்றுதான் பார்க்கிற யாருக்கும் தோன்றும். இரண்டு எண்ணுக்கும் அலகு போடவில்லையே என்று என் மனைவி பிறகு தோண்டிப் பார்த்தாள். பாங்காக்கின் 110 என்பது ஏக்யூஐ எனப்படும் காற்றுத் தரக் குறியீடு. ஹுவா ஹின்னின் 38 என்பது ஒரு கனமீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் என்ற கணக்கு. அமெரிக்க முறைப்படி 38 மைக்ரோகிராமைக் குறியீடாக மாற்றினால் 107 வருகிறது. அதாவது அந்தத் தேதியில் இரண்டு ஊரிலும் கிட்டத்தட்ட ஒரே காற்று! பச்சை பூசிய அந்த 38 தாய்லாந்து அரசின் வரம்பைக்கூடத் தாண்டியது. 24 மணி நேர வரம்பை 2023 ஜூனில் 50-லிருந்து 37.5 ஆக அரசு குறைத்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15. தெரியாமல் செய்த தவறு என்று ஏஜென்ட் சொல்லக்கூடும். தெரியாதவருக்கு எந்த ஊருக்கு எந்த அலகு போட்டால் வீடு போகும் என்று அவ்வளவு சரியாக அமையுமா என்பது என் சந்தேகம்.

வீட்டைக் காட்டியது செப்டம்பரில், மதியம் இரண்டு மணி வாக்கில். கையடக்க மீட்டரை நீட்டிக் காட்டினார். 6 என்று இருந்தது. அந்த 6 பொய்யில்லை. மழைக்காலத்தில் தூசு கழுவப்பட்டுவிடும், வயலில் எரிக்க ஒன்றும் இருக்காது, மதியத்தில் கடலிலிருந்து காற்று அடிக்கும். அந்த நேரத்தில் யார் அளந்தாலும் அப்படித்தான் வரும். விளம்பரத்தில் ‘கடற்கரைக்கு 15 நிமிடம்’ என்று இருந்தது. வீடு இருந்ததோ பைபாஸ் சாலைக்கு மேற்கே, கடலுக்கு எதிர்த்திசையில், தாப் தாய் பக்கம். பின்சுவருக்கு அப்பால் அன்னாசித் தோட்டம். பிரச்சுவாப் கீரி கான் மாகாணம் அன்னாசிக்குப் பேர்போனது. அறுவடை முடிந்த பழைய செடிகளை என்ன செய்வார்கள் என்று கேட்டேன். “இந்தப் பக்கம் யாரும் எரிப்பதில்லை சார். இப்போதெல்லாம் போலீஸ் பிடித்துவிடும்” என்றார்.

ஜனவரி வந்ததும் ஊரின் இன்னொரு முகம் தெரிந்தது. காற்று எப்படி மாறுகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு இதுதான் முக்கியம். ஹுவா ஹின் தாய்லாந்து வளைகுடாவின் மேற்குக் கரையில் இருக்கிறது. வளைகுடாவின் தலைமாட்டில் பாங்காக், சமுத் பிராகான், எதிர்க்கரையில் சோன்புரி. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வாடையும் வடகிழக்குக் காற்றும் அடிக்கும்போது அந்த மூன்று ஊர்களின் வாகனப் புகையும் ஆலைப் புகையும் கடலைத் தாண்டி நேராக இங்கே வருகிறது. கடற்காற்று என்றால் சுத்தமான காற்று என்ற நம் கணக்கு அந்த மாதங்களில் செல்லாது. ராத்திரி ஆனால் காற்று திரும்பிவிடும். தரை சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் மேற்கேயிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று நகரும். அது தோட்டங்களின் மேலாக வருகிறது. எரிப்பவர்களும் பெரும்பாலும் இருட்டிய பிறகே பற்றவைக்கிறார்கள். காலையில் நீச்சல்குளத்துத் தண்ணீரில் கறுப்பு இழைகள் மிதக்கும், விரலால் தொட்டால் மை மாதிரி ஒட்டும். ஏஜென்ட் ஏன் மதியம் இரண்டு மணிக்கே எல்லா வீட்டையும் காட்டுகிறார் என்பது அப்போது விளங்கியது.

இதெல்லாம் ஊரின் இயல்பு, ஏஜென்ட் என்ன செய்வார் என்று விட்டுவிடலாம். விட முடியாதது ‘ஃபிரெஷ் ஏர் சிஸ்டம்’. வீட்டு வாடகை 32,000 பாட். அதற்கு மேல் மாதம் 3,000 பாட் இந்த இயந்திரத்துக்கு. வெளிக்காற்றை, நுண்தூசைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் வழியாக இழுத்து படுக்கையறைக்குள் தள்ளும், உள்ளே அழுத்தம் கூடுவதால் கதவிடுக்கு வழியாகத் தூசு நுழையாது என்று விளக்கினார். தத்துவம் சரியானதுதான், பாங்காக்கில் பல வீடுகளில் நன்றாக வேலை செய்கிறது. எங்கள் வீட்டில் அதைப் போட்டால் மகளுக்கு இருமல் கூடியது. நாங்கள் வாங்கிய மீட்டரைக் கட்டிலருகே வைத்துப் பார்த்தோம். இயந்திரம் அணைந்திருந்து ஜன்னல் மூடியிருந்தால் 40-ஐ ஒட்டி நிற்கும். இயந்திரத்தைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் 70-ஐத் தாண்டும்.

ஏசி மெக்கானிக்கை அழைத்து, கூரையடியில் இருந்த பெட்டியைக் கழற்றச் சொன்னேன். முதலில் சாம்பல் நிற வலை ஒன்று வந்தது, ஏசியில் இருக்குமே, கொசுவும் இலையும் உள்ளே போகாமல் இருக்க, அது மாதிரி. அதற்குப் பின்னால் ஹெப்பா உட்கார வேண்டிய சட்டம் காலி. ரப்பர் விளிம்பில் எதையோ அழுத்தி வைத்த தடம்கூட இல்லை. இறுக்கிப் பிடிக்கும் நாலு கிளிப்பும் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் மூலையில் கிடந்தன. வாங்கி மாட்டிய நாள் முதல் ஃபில்டரே போடவில்லை. வெளியே எரிகிற தோட்டத்துப் புகையை விசிறி வைத்து இழுத்து ஒரு குழந்தையின் படுக்கையறைக்குள் விட்டிருக்கிறார்கள், அதற்கு மாதா மாதம் காசும் வாங்கியிருக்கிறார்கள். மெக்கானிக் எதுவும் பேசாமல் தன் போனை எடுத்துப் படம் பிடித்துக் கொடுத்தார்.

ஏஜென்ட் பூசி மெழுகினார். ஃபில்டர் தேய்ந்திருக்கும், பழைய வாடகைதாரர் கழற்றியிருப்பார், தேய்மானப் பொருளை வாடகைதாரரே வாங்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது என்று ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு கதை. கடைசியில் 14,000 பாட் கொடுத்தால் தானே வாங்கித் தருவதாகச் சொன்னார்! ஓனர் “எல்லாம் ஏஜென்ட் பார்த்துக்கொள்வார்” என்று கையை விரித்துவிட்டார்.

வெளியேறினோம். இரண்டு மாத டெபாசிட் போயிற்று, ஓராண்டுக்கு முன் காலி செய்தால் திரும்பக் கிடைக்காது என்ற வரியைக் காட்டினார்கள். மின்சாரத்துக்கு யூனிட் 8 பாட் வாங்கியதையும் கேட்டுப் பார்த்தேன், அரசுக் கட்டணம் அதில் ஏறத்தாழ பாதி. 2018-ல் வந்த நுகர்வோர் விதி, ஐந்தோ அதற்கு மேலோ (2025-லிருந்து மூன்றோ அதற்கு மேலோ) வீடுகளை வாடகைக்கு விடுபவர்கள் உண்மையான மின்கட்டணத்தைத்தான் வாங்க வேண்டும் என்றது. இந்த ஓனருக்கு இரண்டே வீடு, அதனால் அது இவரைக் கட்டாது. டிஎம் 30, அதாவது வெளிநாட்டவர் தங்குவதை 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்கு ஓனர் தெரிவிக்கும் படிவம், அதையும் இழுத்தடித்தார்கள். விசா நீட்டிக்கப் போகும்போது அந்த ரசீதைக் கேட்பார்கள், அதனால் சாவி வாங்குகிற அன்றே கையில் வாங்கிவிடுங்கள். தாய்லாந்தில் வீட்டு ஏஜென்ட் ஆக லைசென்ஸ் தேவையில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ரத்து செய்ய ஒன்றுமே இல்லாத ஆளை எங்கே போய்ப் புகார் செய்வது? நுகர்வோர் பாதுகாப்பு வாரியத்தின் 1166 எண்ணில் பதிவு செய்திருக்கிறோம், பார்ப்போம்.

இன்னொன்று. நாங்கள் சண்டை போட்டபோது சமாதானமாக அவர் காட்டிய மாற்று வீடு ரயோங் மாகாணத்து பான் சாங்கில். “அங்கே பிஎம் 2.5 இன்னும் குறைவு சார், கடல் எதிரிலேயே” என்றார். பான் சாங்கை ஒட்டி மாப் தா புட் பெட்ரோகெமிக்கல் வளாகம் இருக்கிறது. 2009-ல் ரயோங் நிர்வாக நீதிமன்றம் அந்த வட்டாரத்தையே மாசுக் கட்டுப்பாட்டு மண்டலமாக அறிவிக்கச் சொன்னது, பான் சாங்கும் அதில் அடக்கம். அங்கே கவலை பென்சீன் போன்ற ஆவிகளைப் பற்றியது. நாம் வாங்கும் தூசு மீட்டர் பென்சீனை அளக்கவே அளக்காது. 5 என்று காட்டிக்கொண்டிருக்கும், நாமும் ஜன்னலைத் திறந்து வைப்போம்.

போகத்தான் போகிறீர்கள் என்றால், முதலில் ஜனவரி, பிப்ரவரியில் மாத வாடகைக்கு ஒரு காண்டோவில் (அடுக்குமாடி வீட்டில்) இருந்து பாருங்கள். ஏஜென்ட் தரும் எண் எதுவானாலும் அலகையும் மாதத்தையும் கேளுங்கள். செயலிகள் காட்டும் எண் அருகில் உள்ள கருவியிலிருந்து வருகிறதா, கருவி இல்லாமல் கணித்துச் சொல்வதா என்று பாருங்கள். பிடித்த வீட்டில் ஒரு ராத்திரி உங்கள் மீட்டரை வைத்துவிட்டு வர அனுமதி கேளுங்கள், மறுத்தால் அதுவே பதில். நாசாவின் ஃபிர்ம்ஸ் வரைபடத்தில் வீட்டைச் சுற்றிப் போன வருடம் எந்தத் தேதியில் எங்கே தீப்பிடித்தது என்பதை இலவசமாகவே பார்க்கலாம். எங்கள் வீட்டுக்கு மேற்கே அந்தச் சிவப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தன, “யாரும் எரிப்பதில்லை” என்ற அதே தோட்டங்களில். காற்று இயந்திரத்துக்குத் தனிக் காசு கேட்டால் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், ஃபில்டர் யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

நாங்கள் இப்போதும் ஹுவா ஹின்னில்தான் இருக்கிறோம். ஊருக்குள், காவ் தக்கியாப் பக்கம், மாத வாடகைக் காண்டோ, சொந்தக் காசில் வாங்கிய இயந்திரம். மகளுக்கு நெபுலைசர் குறைந்திருக்கிறது, மழைக்காலத்தில் இன்னும் குறையும் என்று நம்புகிறோம்.

ஏஜென்ட்டின் பெயரை இங்கே போடாததற்குக் காரணம் இருக்கிறது. தாய்லாந்தில் அவதூறு கிரிமினல் குற்றம், பொதுவில் வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, சொன்னது உண்மை என்பது மட்டுமே எல்லா நேரமும் காப்பாற்றாது. பெட்டிக்குள் எடுத்த படங்கள், அந்த 110-க்கு 38 படம், ஒப்பந்தத்தின் நகல் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. அந்தப் பக்கம் யாரிடமாவது டெபாசிட் கட்டப் போகிறீர்கள் என்றால் கட்டுவதற்கு முன் எனக்குத் தனியாக எழுதுங்கள்.