நியூயார்க்கில் ஸ்லைஸ் பீட்சா: கார்டை நீட்டும் முன் கவனிக்க வேண்டியவை

டைம்ஸ் ஸ்கொயர் பக்கம் ஒரு ஸ்லைஸ் கடை, அதாவது பீட்சாவைத் துண்டு துண்டாக விற்கும் கடை. பெயர் வேண்டாம், அந்த வட்டாரத்தில் இதே ரகத்தில் நிறைய இருக்கின்றன. போர்டில் ‘சீஸ் ஸ்லைஸ் 3.50’ என்று பெரிதாக எழுதியிருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக வைத்திருக்கும் மற்ற வகைகளுக்கு விலையே இருக்காது. அங்கே ஒரு ப்ளைன் (அந்தச் சீஸ் ஸ்லைஸ்தான்), ஒரு பெப்பரோனி (மேலே காரமான இறைச்சி வட்டங்கள் வைத்தது), ஒரு கப் சோடா வாங்கியதற்கு வந்த கணக்கு இது.

ப்ளைன் 3.50, பெப்பரோனி 7.50, சோடா 3.00. ஆக 14 டாலர். விற்பனை வரி 8.875 சதவீதம், அதாவது 1.24. அதற்கு மேல், கார்டில் கொடுப்பதற்காக, ‘சர்வீஸ்’ என்ற பெயரில் 4 சதவீதம், 61 சென்ட். மொத்தம் 15.85. பிறகு திரையைத் திருப்பி வைத்தார்கள். டிப் பட்டன்கள் 20 சதவீதத்தில்தான் தொடங்குகின்றன. முதல் பட்டனை அழுத்தினால் 3.17 சேர்ந்து 19.02 ஆகிவிடும். மூன்றரை டாலர் போர்டைப் பார்த்து உள்ளே போனவர் நின்றபடி சாப்பிடக் கொடுக்கும் காசு இது.

இதில் வரி நியாயமானது. சூடாகத் தரும் உணவுக்கு மாநிலம், நகரம் எல்லாம் சேர்த்து 8.875 சதவீதம் உண்டு. டிப் உங்கள் விருப்பம். கவுன்ட்டரில் கையில் வாங்கிக்கொண்டு போகிறவர் கொடுத்தே ஆக வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ‘நோ டிப்’ பட்டனைக் காணோம் என்றால் ‘கஸ்டம்’ என்பதைத் தொட்டுப் பூஜ்யம் போடுங்கள். அந்த 20 சதவீதத்தை வரியையும் சர்வீஸ் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்குத்தான் போட்டிருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

தகராறு செய்ய வேண்டியது அந்த 61 சென்டுக்கு. 2024 பிப்ரவரி 11 முதல் நியூயார்க் மாநிலத்தில் கிரெடிட் கார்டுக்குக் கூடுதல் கட்டணம் வாங்கும் கடை, கார்டுக்கான முழு விலையை முன்கூட்டியே போர்டில் காட்டியிருக்க வேண்டும். ‘கார்டுக்கு 4% கூடுதல்’ என்று ஒரு துண்டுச் சீட்டை ஒட்டி வைத்தால் போதாது. கார்டு நிறுவனம் கடையிடம் பிடிப்பதைவிட அதிகமாக வாங்கவும் கூடாது. டெபிட் கார்டு என்றால் இந்தக் கட்டணமே கிடையாது. மீறினால் ஒவ்வொரு தடவைக்கும் 500 டாலர் வரை அபராதம். இதைக் கடையிலேயே அமைதியாகச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் திருப்பித் தந்துவிடுவார்கள். தராவிட்டால் ரசீதையும் விலைப் போர்டையும் சேர்த்துப் படம் எடுத்து நகர நிர்வாகத்தின் 311 எண்ணுக்குப் புகார் செய்யலாம். ‘சர்வீஸ்’ கட்டணம் தனியாக அச்சான ரசீது வேண்டும், கார்டு ஸ்லிப் மட்டும் போதாது. ரொக்கமாகக் கொடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை. ரொக்கம் வேண்டாம் என்று சொல்ல உணவுக் கடைகளுக்கு 2020 நவம்பர் முதல் இந்த நகரத்தில் அனுமதி கிடையாது.

இனி அந்த 7.50 பெப்பரோனி. இதுதான் பெரிய கொள்ளை, ஆனால் கண்ணுக்குத் தெரியும். முழு பீட்சாவாகச் சுட்டு எட்டாக வெட்டும்போது, வெட்டுச் சக்கரம் சில பெப்பரோனி வட்டங்களையும் அறுத்துக்கொண்டு போகும். ஸ்லைஸின் இரண்டு பக்க ஓரங்களிலும் அரை வட்டம், கால் வட்டமாகத் துண்டுகள் நிற்க வேண்டும். எல்லாமே முழு வட்டமாக, ஓரத்தில் ஒன்றுகூட வெட்டுப்படாமல் நடுவில் உட்கார்ந்திருந்தால், அது பழைய ப்ளைன் ஸ்லைஸின் மேல் பிறகு வைத்தது. சீஸில் பதியாமல் மேலேயே நிற்கும், தட்டைச் சாய்த்தால் நகரும். நல்ல கடைகளிலும் கேட்டால் சூடாக்கும்போது டாப்பிங் வைத்துத் தருவதுண்டு, அதில் தவறில்லை. ஆறிப்போன ப்ளைனில் ஏழெட்டுத் துண்டு வைத்துவிட்டு இரட்டை விலை வாங்குவதுதான் தவறு.

அளவிலும் கை வைக்கிறார்கள். வழக்கமான நியூயார்க் பீட்சா 18 அங்குலம், எட்டுத் துண்டு. அப்படியென்றால் நுனியிலிருந்து விளிம்பு வரை 9 அங்குலம். ஸ்லைஸ் வைக்கும் பேப்பர் தட்டும் பெரும்பாலும் 9 அங்குலம்தான், அதனால் ஸ்லைஸ் தட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சரியாக நிற்க வேண்டும். ஓர் அங்குலம் குறைந்தால் அது 16 அங்குல பீட்சா. கேட்க ஓர் அங்குலம்தான், பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. விலையை ஏற்றாமல் லாபத்தை ஏற்ற இதைவிடச் சுலபமான வழி இல்லை.

சூடாக்குவதில் அவசரம் காட்டும் கடைகளையும் தவிருங்கள். டெக் அவன், அதாவது கல் தளம் வைத்த அடுப்பு, 500 முதல் 550 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருக்கும். ஸ்லைஸ் அதன் கல்மேல் இரண்டு மூன்று நிமிடம் இருந்தால்தான் அடி மறுபடி மொறுமொறுப்பாகும். அரை நிமிடத்தில் எடுத்தால் மேலே சூடாக இருக்கும், நடுவில் குளிர்ந்து கிடக்கும், மடித்தால் நுனி தொங்கும். திருப்பி அடியைப் பாருங்கள். கல்லில் சுட்டதென்றால் கரும்புள்ளிகள் ஒழுங்கில்லாமல் இருக்கும், மாவுத் துகளும் ஒட்டியிருக்கும். ஒரே சீராகக் கம்பி வலைக் கட்டம் பதிந்திருந்தால் வலையில் வைத்துச் சுட்டது. அதுவே மோசம் என்று அர்த்தமில்லை, ஆனால் அதற்கு ‘பாரம்பரியக் கல் அடுப்பு’ என்று போர்டு வைத்திருந்தால் நம்பாதீர்கள்.

சீஸுக்கும் சோதனை உண்டு. ஈரம் குறைந்த மொசரெல்லா சூடானதும் சாஸோடு சேர்ந்து ஆரஞ்சு நிற எண்ணெய் விடும், இழுத்தால் நீளும். எண்ணெயில் செய்த மாற்றுச் சீஸ் நீளாமல் அறுந்துவிடும். ஆறியதும் பாலாடை போல ஒரே ஏடாக உரிந்து வரும்.

கடைகளை ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறவர்கள் எல்லா இடத்திலும் ப்ளைன் மட்டும் வாங்குங்கள். டாப்பிங் ஏறினால் மாவின் குறையும் சாஸின் குறையும் மறைந்துவிடும். மதியம் 12 முதல் 2 வரை போனால் பீட்சாக்கள் வேகமாகத் தீரும், புதிதாக இறங்கும். மூன்று மணிக்குப் போய் ஒரு கடையை மட்டமென்று எழுதுவது அந்தக் கடைக்குச் செய்யும் அநியாயம். அளவுகோலாக ஒரு கடை வேண்டுமென்றால் 1975இல் தொடங்கிய, கார்மைன் தெருவில் இருக்கும் ஜோஸில் தொடங்கலாம்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ப்ளைன் ஸ்லைஸை வெட்டுவதும் பெப்பரோனி வெட்டிய அதே சக்கரம்தான். பல கடைகள் தூவும் பெக்கரினோ ரொமானோ சீஸில் ஆட்டுக்குட்டியின் ரென்னெட் (பாலை உறைய வைக்க அதன் வயிற்றிலிருந்து எடுப்பது) இருக்கும். கேட்டால் சொல்வார்கள், கேட்காமல் யாரும் சொல்லப்போவதில்லை.

பெயரைப் பார்த்து ஏமாறுவது பழைய கதை. ‘ரேஸ்’ (Ray's) என்ற பெயரில் முதல் பீட்சா கடை 1959இல் பிரின்ஸ் தெருவில் திறந்தது, 2011இல் மூடியாகிவிட்டது. ‘ஃபேமஸ்’, ‘ஒரிஜினல்’ என்று சேர்த்துக்கொண்டு நகரெங்கும் முளைத்த பல ரேஸ்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ‘கரி அடுப்பு ஸ்லைஸ்’ என்ற போர்டையும் சந்தேகத்தோடு பாருங்கள். பழைய கரி அடுப்புக் கடைகள் பெரும்பாலும் ஸ்லைஸ் விற்பதில்லை. அந்தச் சூட்டில் சுட்ட மெல்லிய பீட்சா மறுபடி சூடாக்கினால் வறண்டு போகும். கிழக்கு ஹார்லெமில் 1933 முதல் நடக்கும் பேட்சிஸ் விதிவிலக்கு. பிளீக்கர் தெருவின் ஜான்ஸில் ‘ஸ்லைஸ் இல்லை’ என்று வெளியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே முழு பீட்சாதான், ஆள் சேர்த்துக்கொண்டு போங்கள்.