வெப்ஸ்டர் என்ஜின் வரைபடம்: சொந்தமாக லேத் வைத்திருப்பவர்களுக்கு

பெட்ரோலில் ஓடும் குட்டி என்ஜின் ஒன்றை முதல்முறையாகச் செய்யப்போகிறேன் என்று யார் கேட்டாலும், விவரம் தெரிந்தவர்கள் கைகாட்டுவது ஜோ வெப்ஸ்டர் வரைந்த இந்த என்ஜினைத்தான். வரைபடம் இலவசம். வார்ப்பு எதுவும் தேவையில்லை. அலுமினியக் கட்டை, இரும்புத் தண்டு இவற்றைக் கடைந்தே செய்துவிடலாம். கோயம்புத்தூரில் தெருவுக்குத் தெரு ஃபவுண்டரி இருக்கிறதே என்பீர்கள். ஒற்றை வார்ப்புக்காக யாரும் அச்சு கட்டித் தர மாட்டார்கள், கேட்டுப் பாருங்கள்.

ஒரே சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக், காற்றிலேயே குளிரும். கேம் (வால்வைத் தள்ளும் மேடுள்ள சக்கரம்) திறப்பது புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வை மட்டும். பிஸ்டன் சுற்றிவிடும் கிராங்க் தண்டின் பாதி வேகத்தில் கேம் சுற்றுவதற்கு இரண்டு பல்சக்கரம். காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் இன்லெட் வால்வை, பிஸ்டன் பின்வாங்கும்போது உண்டாகும் உறிஞ்சலே திறந்துவிடும். வேலை பாதியாகக் குறைகிறது. ஆனால் அந்த வால்வின் ஸ்பிரிங் துளி இறுக்கமாக இருந்தாலும் காற்று உள்ளே வராது, என்ஜின் செத்ததுபோல் கிடக்கும். இருப்பதிலேயே மெல்லிய கம்பியாக எடுத்துச் சுற்றுங்கள்.

உண்மையான சோதனை, வால்வு உட்கார்ந்து அடைக்கும் விளிம்பான வால்வு சீட்டில்தான். கிரைண்டிங் பேஸ்ட் தடவி, வால்வின் தண்டை விரலால் உருட்டி உருட்டித் தேய்க்க வேண்டும். டிரில்லில் மாட்டிச் சுற்றினால் சீட்டு அகலமாகிவிடும். பிறகு வால்வுக்குப் போகும் துளையான போர்ட்டில் ஒரு டியூபைச் செருகி வாயால் உறிஞ்சி நாக்கை வைத்து அடையுங்கள். நாக்கு ஒட்டிக்கொண்டே இருந்தால் சரி. நழுவினால் மறுபடி பேஸ்ட். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) இல்லாமல், பொறி தரும் இக்னிஷனைக் குடைந்துகொண்டிருப்பதில் பயனில்லை. பிஸ்டனுக்கு வார்ப்பிரும்பு ரிங் கடைவதைத் தள்ளிவைத்து வைட்டான் என்ற சூடு தாங்கும் ரப்பரில் ஓ-ரிங் போட்டேன், நன்றாகவே பிடிக்கிறது.

ஒரே மனக்குறை, அளவெல்லாம் அங்குலத்தில். நம் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் மரை வெட்டும் டேப் மில்லிமீட்டர்தான். மரைகளை எம்3, எம்4 என்று முன்கூட்டியே மாற்றி எழுதிக்கொண்டு உட்காருங்கள். இக்னிஷனுக்கு வேண்டிய பாயிண்ட்ஸ் (மின்சாரத்தை வெட்டிவிடும் சுவிட்ச்), கண்டன்சர், காயில் மூன்றையும் பழைய புல்லட்டின் ஸ்பேர்களில் இருந்தே சமாளித்தேன்.

ஃப்ளைவீலை மட்டும் வெளியே கடையக் கொடுத்தேன், என் லேத்தில் அந்த விட்டம் சுற்றாது. பட்டறைக்காரர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது எத்தனை ஹெச்பி? தண்ணி இறைக்குமுங்களா?" என்றார். இறைக்காது அண்ணா. மேசை மேல் நின்று டப் டப் டப் என்று ஓடும், அவ்வளவுதான். அதற்காகத்தான் இத்தனை பாடு.

பெட்ரோலில் கொஞ்சம் 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கான ஆயில்) கலந்து, டிரில்லால் ஃப்ளைவீலைச் சுற்றிக் கிளப்புகிறேன். விசிறி கிடையாது என்பதால் சில நிமிடம் ஓட்டி நிறுத்துவது நல்லது. சிலிண்டரைச் சுற்றியுள்ள குளிர்விக்கும் தகடுகளான ஃபின்கள் தொட முடியாத அளவு சுடும். பெட்ரோல் டப்பாவைத் தள்ளி வையுங்கள், பாயிண்ட்ஸில் பொறி பறக்கும்.

லேத், டிரில்லிங் மெஷின் இரண்டும் வீட்டில் இருந்தால் தாராளமாக இறங்கலாம். எல்லாவற்றையும் கூலி கொடுத்துக் கடைய வேண்டியவர்களுக்கு இது ஒத்துவராது. வரைபடம் இலவசம், கூலி இலவசமில்லை.