நீச்சல் குளத்திலும் வகுப்பறையிலும் ஏஐ: மூன்று வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். மாலையில் அதே பிள்ளைகளுக்கு நீச்சல் பயிற்சியும் கொடுக்கிறேன். தண்ணீருக்கடியில் வைக்கும் ஒரு கேமராவும், அந்த வீடியோவில் மூட்டுகளைக் கண்டுபிடித்துக் கோணங்களைச் சொல்லும் ஏஐ செயலியும் வந்து மூன்று வருடம் ஆகிறது. வகுப்பில் சாட்பாட்டை அனுமதித்து இரண்டு வருடம். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன், குளத்தில் கற்றதுதான் வகுப்பில் எனக்குக் கைகொடுத்தது.

கரையில் நிற்கும் கோச்சுக்குத் தண்ணீருக்கு மேலே வரும் கை மட்டும்தான் தெரியும். உடலை முன்னால் தள்ளும் வேலையோ அடியில் நடக்கிறது. முழங்கை சீக்கிரமே தாழ்ந்து, கை தண்ணீரைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போவதை இத்தனை வருடம் ஊகித்துத்தான் சொல்லிவந்தேன். இப்போது அந்த இடத்தில் வீடியோவை நிறுத்திக் காட்டுகிறேன். பிள்ளைகள் பார்த்த உடனே புரிந்துகொள்கிறார்கள்.

செயலியில் குறைகள் உண்டு. கை நுழையும் இடத்தில் குமிழ்கள் சூழ்ந்தால் மணிக்கட்டை எங்கேயோ குறிக்கிறது. மல்லாந்து நீந்தும் பேக்ஸ்ட்ரோக்கில் இடது கையையும் வலது கையையும் அடிக்கடி மாற்றிவிடுகிறது. இப்படிப்பட்ட மென்பொருள்கள் பெரும்பாலும் தரையில் இருக்கும் மனிதர்களின் படங்களைப் பார்த்துப் பழகியவை. நீர்மட்டத்தில் ஒளி விலகி உடல் இரண்டாக உடைந்ததுபோல் தெரியும்போது தடுமாறத்தான் செய்யும். ஐந்தாறு டிகிரி வித்தியாசத்தை நான் கணக்கில் எடுப்பதே இல்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்த கென் ஓனோ, நீச்சல் வீரர்களின் உடலில் முடுக்கத்தை அளக்கும் சென்சார்களைப் பொருத்தி ஆராய்ந்தார். அவரோடு வேலை செய்த கேட் டக்ளஸ் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் தங்கம் வென்றார். அந்தத் துல்லியத்தை ஒரு பள்ளிக் குளத்தில் எதிர்பார்க்கக் கூடாது.

முதல் வருடம் நான் ஒரு தவறு செய்தேன். ஒவ்வொரு சுற்று நீந்தி முடித்ததும் திரையைக் காட்டினேன். பிள்ளைகள் தண்ணீரைக் கவனிப்பதை விட்டுவிட்டு என் கையிலிருக்கும் மொபைலைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்புறம் முறையை மாற்றினேன். "எத்தனை கைவீச்சு போட்டே? எந்தக் கை வழுக்குச்சு?" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் வீடியோ. ஆரம்பத்தில் பதில்கள் எங்கேயோ இருந்தன. சில மாதங்களில் ஒன்றிரண்டு வீச்சு வித்தியாசத்துக்குள் வந்துவிட்டன. நீந்தும் நேரம் குறைந்ததைவிட எனக்கு இதுதான் பெரிய சந்தோஷம். போட்டியில் திரை கிடையாது, உடம்பே சொல்லியாக வேண்டும்.

நீச்சலுடையில் இருக்கும் பிள்ளைகளின் வீடியோ என்பதால், பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் கேமராவை இறக்குவதில்லை. வீடியோ அந்தக் கருவியைவிட்டு வெளியே போகாது, வார இறுதியில் அழித்துவிடுகிறேன். இதில் சமரசமே இல்லை.

வகுப்பறையில் சிக்கல் வேறு. எவ்வளவு நல்ல ஏஐயாக இருந்தாலும் ஒரு பிள்ளைக்காக நீந்தித் தர முடியாது. ஆனால் வீட்டுப்பாடத்தை முழுசாக எழுதித் தந்துவிடும். முதல் பருவத்தில் எனக்கு வந்த ஆய்வுக் குறிப்புகள் எல்லாம் ஒரே குரலில் இருந்தன. யாருக்கு எது புரியவில்லை என்றே தெரியாமல் தவித்தேன். குளத்து விதியை அங்கேயும் கொண்டுவந்தேன்: முதலில் சொந்த ஊகத்தை நோட்டில் பேனாவால் எழுது, பிறகு சாட்பாட்டிடம் கேள், இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று எழுது. திருத்த எனக்கு நேரம் இரட்டிப்பாகிறது. பரவாயில்லை.

சென்ற மாதம் ஒரு வீச்சுக்கு எவ்வளவு தூரம் நகர்கிறோம் என்று கணக்கிடச் சொன்னேன். 25 மீட்டரை 16 வீச்சில் கடந்த மாணவிக்கு, சாட்பாட் 25-ஐ 16-ஆல் வகுத்து 1.56 மீட்டர் என்றது. அவள் நோட்டில் 1.25 என்று இருந்தது. மாற்றிக்கொள்ளவில்லையா என்று கேட்டேன்.

"இல்ல மிஸ், சுவத்தைத் தள்ளின முதல் அஞ்சு மீட்டர் நான் கையையே அசைக்கலையே."