ஹிட்டாச்சியில் சென்சார் கோடு: லேப்டாப்பா, ஸ்கேனரா, மல்டிமீட்டரா?

எங்கள் பக்கம் மண் தோண்டும் சங்கிலி வண்டி என்றாலே ஹிட்டாச்சிதான். பூமில் (தோண்டும் கையில்) எந்தக் கம்பெனி பேர் எழுதியிருந்தாலும் அது ஹிட்டாச்சி. அதே போல மானிட்டரில் எந்தக் கோடு (code, கோளாறைச் சொல்லும் எண்) வந்தாலும் ‘சென்சார் போயிருச்சுங்ணா’ என்பார் ஆபரேட்டர். உடனே கோயமுத்தூருக்கு ஆள் போகும், புது சென்சார் வரும். பாதி நேரம் கோடு அப்படியே நிற்கும்.

போன மழைக்கு பல்லடம் பக்கம் ஒரு பாறைக்குழியில் எங்கள் வண்டிக்கு வந்தது எஸ்.பி.என். 110, எஃப்.எம்.ஐ. 4. முதல் எண் எந்த இடம் என்று சொல்லும். 110 என்றால் கூலன்ட் டெம்பரேச்சர், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரின் சூடு. இரண்டாவது எண் என்ன கோளாறு என்று சொல்லும். 3 வந்தால் வோல்ட் கூடுதல், 4 வந்தால் குறைவு. சென்சார் கெட்டுவிட்டது என்று இரண்டு எண்ணும் சொல்லவில்லை. ஆனாலும் நான் சென்சாரைத்தான் மாற்றினேன், அதுவும் இரண்டு தடவை.

அப்புறம் கம்பெனி சாஃப்ட்வேரோடு வருகிற லேப்டாப்காரரை வரவழைத்தோம். இரண்டு நாள் காத்திருப்பு, விசிட் சார்ஜ் தனி. மானிட்டரில் இருந்த அதே கோடுதான் லேப்டாப்பிலும் தெரிந்தது. ஹார்னஸையே (மொத்த வயர் கட்டையே) மாற்றச் சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியில் வேலையை முடித்தது மல்டிமீட்டர். சென்சார் பிளக்கைக் கழற்றிவிட்டு சாவி போட்டேன். வயர் நன்றாக இருந்தால் கோடு 4-லிருந்து 3-க்கு மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. அப்படியானால் சென்சாருக்கு முன்னாலேயே எங்கோ வயர் பாடியில் உரசுகிறது. சாவியை அணைத்து, ஈ.சி.எம். (இன்ஜின் கம்ப்யூட்டர்) பக்கத்து பிளக்கையும் கழற்றி, சிக்னல் வயருக்கும் பாடிக்கும் நடுவே மீட்டர் வைத்தால் பீப் அடித்தது. இன்ஜினுக்குப் பின்னால் ஒரு கிளாம்ப் லூசாகி, அதிர்விலேயே வயரின் தோலைத் தின்றிருந்தது. ஒரு விரல் நீளம்கூட இல்லை.

இதை வைத்து லேப்டாப் வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. கேட்டர்பில்லருக்கு ஈ.டி., கம்மின்ஸுக்கு இன்சைட் என்று அவரவர் சாஃப்ட்வேரில் ஓடுகிற வண்டியின் அளவுகளைப் பதிவு செய்து பார்க்கலாம். பக்கெட் பாறையில் இடிக்கும்போது மட்டும் வந்து மறைகிற கோடு மீட்டருக்குச் சிக்குவது கஷ்டம், அங்கே லேப்டாப்தான். டீசலைப் பீய்ச்சும் காமன் ரெயில் இன்ஜெக்டரை மாற்றினால் அதன் எண்ணை ஈ.சி.எம்.மில் ஏற்றுவது, பம்ப் கேலிப்ரேஷன் எல்லாமும் அதில்தான். வாரண்டி இருக்கிற வண்டியில் நாமாக வயரைத் தொடவே கூடாது.

கோடு படிக்கிற கருவியை, எல்லாக் கம்பெனிக்கும் ஒரே ஸ்கேனர் என்று விற்பது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இன்ஜின் கோடு வரைக்கும் சரி. ஹைட்ராலிக் கன்ட்ரோலர் பக்கம் பல வண்டிகளில் உள்ளே போகாது. ஊர் ஊராகப் பத்து மாடல் பார்க்கிற மெக்கானிக்குக் கட்டுப்படியாகும். ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருப்பவருக்கு அது வீண் செலவு. மானிட்டரிலேயே தெரிகிற எண்ணைக் காசு கொடுத்து இன்னொரு முறை படிப்பானேன்?

மீட்டரோடு அந்த மாடலின் வயரிங் டயகிராமும் வேண்டும், அது இல்லாமல் மீட்டர் பாதிதான். பெரும்பாலான பிரஷர் சென்சாருக்கு மூன்று வயர்: 5 வோல்ட் சப்ளை, சிக்னல், கிரவுண்டு. சம்பந்தமில்லாத மூன்று நான்கு கோடுகள் ஒரே நேரத்தில் வந்தால் அந்த 5 வோல்ட்டை முதலில் பாருங்கள். பல சென்சாருக்கு அது பொது லைன்; ஒன்று ஷார்ட் ஆனால் கூட இருப்பதையும் சேர்த்து இழுத்துப் போடும். ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தால், எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் ஆள். கன்ட்ரோலர்கள் ஒன்றோடொன்று பேசவில்லை என்று கோடு வந்தால், பேட்டரியைத் துண்டித்துவிட்டு அவை பேசிக்கொள்ளும் கேன் லைனின் இரண்டு வயருக்கும் நடுவே ஓம் பாருங்கள். 60 காட்ட வேண்டும். 120 என்றால் ஒரு முனையில் ரெசிஸ்டர் விட்டுப்போயிருக்கிறது, இல்லையென்றால் நடுவில் வயர் அறுந்திருக்கிறது.

நம் எலக்ட்ரீஷியன்கள் ஒரு வேலை செய்வார்கள்: 24 வோல்ட் டெஸ்ட் பல்பை எடுத்து எல்லா வயரிலும் வைப்பது. சென்சார் லைனில் அதை வைத்தால் பல்பு இழுக்கிற கரன்ட்டை ஈ.சி.எம். தாங்காது. வயரில் ஊசி குத்திப் பார்ப்பதும் வேண்டாம். அந்த ஓட்டை வழியாக வாட்டர் வாஷ் தண்ணீர் போய், உள்ளே செம்பு பச்சை பூத்துவிடும்.

கழற்றிய சென்சார் இரண்டையும் வெந்நீரில் போட்டு மீட்டர் வைத்துப் பார்த்தேன். சூடு ஏற ஏற ஓம் அழகாக இறங்கியது. இரண்டும் டூல் பாக்ஸில் கிடக்கின்றன, ஸ்பேருக்கு ஆகும்.